ஒரே குவளை

தெருவில் ஊதாத் தொப்பி மாணவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் எண்பத்தேழாம் ஆண்டின் அந்த மாலைதான். சுவிஸின் பேர்ண் நகரில், ஆரே ஆற்றோர மதுவிடுதியின் நீள மேசையில் வெயில் மஞ்சளாய்க் கிடக்கிறது. இங்கே படிக்கும் எங்கள் ஊர்ப் பொடியன் தவச்செல்வன் இன்று ஊதாத் தொப்பி மாணவர் சங்கத்தில் சேருகிறான். எல்லோரும் ஒரே குவளையில் பியர் குடித்தால்தான் சகோதரர்களாம். விடுதியில் கோப்பை கழுவும் நான் குசினி வாசலில் நின்று பார்க்கிறேன். குவளை அவனிடம் வருகிறது. ஊர்ப் பழக்கத்தில் உதடு படாமல் அண்ணாந்து ஊற்றுகிறான். நாடியில் வழிந்த பியர் சங்கம் தந்த புது மார்புப்பட்டியை நனைக்கிறது. மேசையைச் சுற்றிப் பாடியவர்களின் பாட்டு நின்றுவிடுகிறது. "எங்கள் வாய் பட்டது அருவருப்பா?" என்று தலைவன் உர்ஸ் ஜெர்மனில் கேட்கிறான். "இல்லை. என் எச்சிலை உங்களுக்குத் தரக்கூடாது என்றுதான்" என்கிறான் இவன். உர்ஸ் அவனையே பார்க்கிறான். பிறகு குவளையை வாங்கித் தானும் அண்ணாந்து ஊற்றுகிறான். மூக்கில் ஏறிப் புரைக்கேறுகிறது. மேசையே சிரித்து அதிர்கிறது. தவச்செல்வன் குவளையைத் திரும்ப வாங்கி, இம்முறை வாய் வைத்துக் குடிக்கிறான். அப்படியே என்னிடம் கொண்டுவருகிறான். "அண்ணை, நீங்களும் ஒரு மிடறு." "நான் உங்கட சங்கத்து ஆள் இல்லையடா." "பிடியுங்கோ அண்ணை." ஈரக் கைகளை ஏப்ரனில் துடைக்கிறேன். குவளையின் விளிம்பைத் துடைக்கவில்லை.