உள்ளே போன மூச்சு

எத்தியோப்பியாவில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் வாரமே பூங்கோதைக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. பாடம் முடித்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் போதும், வகுப்பு மொத்தமும் பாம்பைக் கண்டதுபோல வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தது. நான் என்ன பேயா பிசாசா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்கேலை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். குரலைத் தணித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தாள். அப்போதும் இழுத்தார்கள். கடைசியில் பக்கத்து வகுப்பு அல்மாஸ் டீச்சரிடம், "என்னைப் பார்த்தா பிள்ளைங்களுக்கு அவ்வளவு பயமா?" என்று கேட்டேவிட்டாள். அல்மாஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஊர்ல ஆமாம்னு அப்படித்தான் சொல்லுவோம். நீங்க எதுக்கெடுத்தாலும் தலையை ஆட்டுறீங்களே, அந்த மாதிரி." மழைக்காலம் வந்து போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து மகள் போனில் கேட்டாள். "அம்மா, அங்க நல்லா இருக்கியா?" பூங்கோதை தன்னை அறியாமல் வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தாள். மறுமுனையில் மகள் பதறினாள். "அழறியாம்மா?" இல்லடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூச்சு மறுபடியும் உள்ளே போனது.