ஆறு ஃபவுல்

"யோவ் பெருசு, கையா அது, உலக்கையா?"

கூட்டத்துல எவனோ கத்தினான். பியோரியா ஊர் அரங்கமே சிரிச்சுது.

லமான்ட் பியூரிஃபாய்க்கு முப்பத்திநாலு வயசு. பாஸ்கெட்பால்ல அது தாத்தா வயசு. ஆட்டம் ஆரம்பிச்சு, வாங்குன காபி ஆறல, அதுக்குள்ள நாலு ஃபவுல். ஓடி வந்தவனைக் கட்டிப்புடிச்சு அஞ்சு. சும்மா நின்னவனை இடிச்சு ஆறு.

ஆறு ஆனா அவ்வளவுதான். வெளிய.

"கோச், மூளையக் கழட்டி பஸ்லயே வெச்சுட்டு வந்துட்டாரா இந்தப் பெருசு?"ன்னு பெஞ்சுல ஒருத்தன் கேட்டான்.

பக்கத்துல இருந்த டாரியனுக்கு ஒண்ணும் காதுல விழல. உக்காந்தபடியே மிதந்துக்கிட்டிருந்தான்.

காலேஜ் முடிச்ச பசங்களைப் பெரிய லீக்குக்காரங்க பேர் சொல்லி எடுத்த அன்னிக்கு, குடும்பமே டிவி முன்னால காத்துக்கெடந்துச்சு. ஊர்ல உள்ள பேரெல்லாம் வந்துச்சு, இவன் பேர் வரல. அம்மா பொரிச்ச கோழி ஆறி அவலாப் போச்சு.

அப்புறம்தான் இந்தச் சின்ன லீக். பஸ் ஜன்னல்ல தலை சாய்ச்சா போதும், வெளிய பனி, உள்ள கனவு. இருட்டு அரங்கம், ஒத்த வெளிச்சம், மைக்குல ஒரு குரல், "டா...ரி...யன்!"

ஆனா இவன் இடத்துல ஆடுறது பியூரிஃபாய். அந்தாளு உக்காந்தாதான் இவன் எந்திரிக்கலாம். அதனால, வெளிய சொல்லிராதீங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வேண்டிக்குவான். "ஆண்டவரே, அவர் முட்டிய லேசா... ரொம்ப வேணாம், லேசா..."

இன்னிக்குப் பெரிய டீமுக்கு ஆள் பாக்குற ஹட்சன் வேற முன்வரிசையில உக்காந்திருந்தார்.

"டாரியன், எறங்குடா!"

எறங்கினான். பந்து மேல போச்சு. கீழ வர மனசில்லாத மாதிரி மெதுவாச் சுத்துச்சு. வலைக்குள்ள விழுந்துச்சு, பனி விழற சத்தத்துல. மறுபடியும். மறுபடியும்.

முடிஞ்சதும் ஹட்சன் கை குடுத்தார். "பத்து நாள் ஒப்பந்தம். நல்லா ஆடினா நீட்டிப்போம். என் கூடவே கெளம்பு."

முட்டியில ஐஸ் கட்டி உக்காந்திருந்த பியூரிஃபாய் முன்னாடி, பையோட போய் நின்னான் டாரியன்.

"பெருசு, உன் ஆறு ஃபவுலுக்கும் ஒரு கும்பிடு. அதாலதான் நான் போறேன்."

"போடா பொடியா. வயசாச்சுல்ல, கை நிக்க மாட்டேங்குது. அங்க போயி என் பேரைக் கெடுத்துராத."

"கெடுக்க உனக்குப் பேரு எங்க இருக்கு?"

அந்தாளும் சேந்து சிரிச்சார்.

கார்ல ஏறியும் டாரியனுக்குச் சிரிப்பு அடங்கல. "இனிமே அவரைப் பாக்க எவன் சார் வருவான்?"

ஹட்சன் ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னார். "நான் வந்ததே அவரைப் பாக்கத்தான்ப்பா. நேத்து போன்ல சொன்னேன். அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'நான் வெளிய போயிட்டா எந்திரிச்சுப் போயிர மாட்டீங்களே, எனக்குப் பதிலா வர்ற பையனையும் பாப்பீங்கள்ல?'"