காயாத சிவப்பு

ஜன்னல் வழியாக மாலை வெயில் சாப்பாட்டு மேசையில் படுத்துக் கிடக்கிறது. அந்த வெயிலில் அக்கா விரித்திருக்கும் விரல்களுக்குத் தங்கை சிவப்பு நகப்பூச்சு பூசுகிறாள். இன்று விமானம் ஏறினால் தங்கை திரும்பி வர எத்தனை வருஷமோ. போன கோடையில் அக்கா வீட்டிலேயே ஜெல் பாலிஷ் போடுகிறேன் பேர்வழி என்று, நகத்தைவிடத் தோலில்தான் அதிகம் அப்பினாள். சரியாக இறுகாத ஜெல்லில் இருந்த அக்ரிலேட் என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் விரல்கள் பூசணிக்காயாக வீங்கின. அவள் சொறிந்த சத்தத்தில் தெருவே தூக்கம் கெட்டது. "இனி ஜென்மத்துக்கும் ஜெல் வேண்டாம்மா. புண்ணு நல்லா ஆறட்டும், அப்புறம் காத்துல காயற சாதா பாலிஷ் போட்டுப் பாருங்க" என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார்.

தங்கை குனிந்து ஊதுகிறாள். மூக்கைத் துளைக்கும் பழைய வாசனை எழுகிறது. "பாலிஷ் காயலம்மா" என்று இரண்டு பேரும் கையை விரித்துக் காட்டியே மலை மலையாகக் குவிந்த பாத்திரங்களிடமிருந்து தப்பித்த காலத்து வாசனை. ஜெல்லை இறுகவைக்கும் விளக்கு சட்டென்று வேலையை முடித்துவிடும். இந்தச் சோம்பேறிப் பாலிஷோ உட்கார்த்திவைத்துக் கதை பேசவைக்கும்.

"மூக்கு அரிக்குதுடி, சொறிஞ்சு விடு."

"மகாராணி! இங்கயா?"

"கொஞ்சம் மேல. அடியே, அது கண்ணு!"

வாசலில் டாக்ஸி ஹாரன் அடிக்கிறது. சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. தங்கை எழுந்து தன் பெட்டியை எடுக்கிறாள். அக்கா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வருகிறாள்.

"அக்கா, என் வெள்ளைச் சட்டை! பாலிஷ் ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும்டி."

தங்கையின் முதுகில் பத்து விரல்களும் அழுந்துகின்றன.