ஒரு பாட்டில் தண்ணீர்

"வீட்டுல யாருக்காவது அடிக்கடி வயித்து வலி வருதாக்கா?" என்று கேட்டாள் பல்கலைக்கழக மாணவி.

"எங்களுக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கோம்" என்றாள் தையல்காரி, மெஷினை நிறுத்தாமலே. உள்ளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த கணவன் முனகலை விழுங்கினான்.

மாணவி ஒரு காலி பாட்டிலை நீட்டினாள். "உங்க குழாய்த் தண்ணிய இதுல பிடிச்சு வைங்கக்கா. தெரு முழுக்கச் சோதிக்கிறோம். முடிவ உங்களுக்கும் வந்து சொல்லுவோம்."

அவள் தலை மறைந்ததும் கணவன் எழுந்து வந்தான்.

"நம்ம தண்ணி மேல இவங்களுக்கு என்ன திடீர் அக்கறை? தண்ணி சரியில்ல, ஆள் குடியிருக்க லாயக்கில்லன்னு எழுதி, தெருவையே காலி பண்ண வைக்கத்தான் இந்த ஆராய்ச்சி!"

"எனக்கு மட்டும் தெரியாதா? நீங்க பேசாம படுங்க. நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் மாணவியோடு பேராசிரியரும் வந்தார். இருவர் முகமும் சரியில்லை.

"தெருவுல எல்லார் வீட்டுக் குழாய்த் தண்ணியும் சுத்தமா இருக்கும்மா. உங்க பாட்டில்ல மட்டும் ஏகப்பட்ட கிருமி. இதைக் குடிச்சா வயிறு என்னத்துக்கு ஆகும்? எங்க பிடிச்சீங்க?"

தையல் மெஷின் நின்றது.

உள்ளே கணவன் மாத்திரை விழுங்குவதற்காக, விலைக்கு வாங்கும் தண்ணீர்க் கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றும் சத்தம் கேட்டது.

"ஐயோ, குடிக்காதீங்க!" என்று அலறியபடி ஓடினாள் அவள். "சுத்தமா இருக்கட்டும்னு அந்தக் கேன் தண்ணியத்தான் பிடிச்சுக் குடுத்தேன்!"