தினம் பத்து முட்டை

“யக்கா, உன் மாப்ள தெனம் பத்து முட்டை வாங்கிக்கினு போறாரே, வூட்ல விருந்தா?” என்று கேட்டார் கடைக்காரர் அப்துல் கனி.

சொக்கம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெட்ராஸிலிருந்து லீவில் வந்திருக்கும் மருமகன் தணிகாசலம் முட்டை வாசனைக்கே முகம் சுளிப்பவன். முட்டையில் கட்டம் கீறிச் சூனியம் வைப்பதைப் பற்றி அவள் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறாள்.

வேப்பிலையோடு போய் அறைக்கதவைத் தள்ளினாள். மருமகன் வியர்க்க வியர்க்க ஒரு முட்டையைக் கீறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த ஒவ்வொரு முட்டையிலும் சின்னதாய் ஒரு கட்டம்.

“யாருக்கு மாப்ள இதெல்லாம்?”

“உங்களுக்குத்தான் அத்தை.”

வேப்பிலை கை நழுவியது.

“கிட்ட வந்து பாருங்க. ஓடு மட்டும் வந்துடுச்சி, ஜவ்வு கிழியல. உங்களுக்குப் பல்லு போன மேல் கடவாய்க்கு மேல காத்து ரூம்பு ஒண்ணு கீது. அதுக்குள்ள இதே மாதிரி ஜவ்வு. அதைக் கிழியாம தூக்கி, அடியில எலும்பு வச்சி வளத்தாத்தான் பல்லு நட முடியும். எங்க பல் ஆஸ்பத்திரியில மத்த டாக்டருங்க எல்லாம் கைவிரிச்சிட்டாங்க. நான் பண்றேன்னு சொல்லிட்டேன்.”

மெல்லிய ஜவ்வுக்கு அடியில் மஞ்சள் கரு உடையாமல் அசைந்தது. சொக்கம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்குள்ளயா கீது இது! எத்தினி கிழிஞ்சிது மாப்ள?”

“மொத நாள் பத்தும். இன்னிக்கி ஒண்ணே ஒண்ணு.”

அவள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“இரு, இன்னும் பத்து வாங்கியாரேன். அந்த ஒண்ணும் கிழியக் கூடாது!”