பொத்தானில் சந்தனம்

"பூசையில இருக்கறது நம்முளுது. வெளிய எடுத்தது உங்க மச்சினனுக்கு. கற்பூரம் பத்த வெக்கறதுக்குள்ள உங்கக்காள முடிவு பண்ணச் சொல்லிப்போடுங்க மாப்ள," என்றார் லட்சுமணசாமி.

ஆயுத பூசை. சோமனூரில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்த அமைதியில் அவர் சாதாரணமாகப் பேசியதே சண்டை மாதிரி கேட்டது.

பாலகோபால் அமெரிக்காவிலிருந்து இரண்டு கருவிகள் கொண்டுவந்திருந்தான். ஒன்று அக்கா வீட்டுக்கு, ஒன்று ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் மச்சினனுக்கு. எது யாருக்கு என்பதை அக்கா ராமாமணியிடம் விட்டிருந்தான். சாயங்காலம் விமானம்.

ஊரில் செல்போன் பரவாத காலம். சின்னது உள்ளங்கையில் அடங்கும். போன் நம்பர், கணக்கு, எல்லாம் போட்டு வைக்கலாம். பெரியது சிலேட்டு அளவு. அதில் படிக்கலாம். வேறு எதற்கும் உதவாது. பத்து இங்கிலீஷ் நாவல்களை அதில் ஏற்றி வைத்திருந்தான். அக்கா கருமத்தம்பட்டியில் இங்கிலீஷ் டீச்சர்.

அக்கா வீட்டுக்காரர் லட்சுமணசாமி மாமா முதல் நாளே சின்னதைச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்துவிட்டார்.

"படிக்கறதுக்குன்னு ஒரு மிஷினா? ஊட்ல பீரோ நெறையப் பொஸ்தகம் கெடக்குது. அதையே இவ இப்பத் தொடறதில்ல."

எதற்கும் 'நீங்க சொன்னாச் சரிங்க' என்கிற அக்கா, இதற்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "பாக்கலாமுங்க" என்றாள். தினமும் அதையே சொன்னாள்.

அது பாலகோபாலுக்கு விசித்திரமாக இருந்தது. வேண்டும் என்றால் எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே? எந்தப் பொத்தான் எதற்கு என்று முதல் நாளே அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டியிருந்தான். அதற்கப்புறம் எப்போது நீட்டினாலும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். "அப்பறம் பாக்கறேன் கண்ணு" என்று நகர்ந்துவிடுவாள்.

இன்று காலையில் அவன் அதைத் திறந்து நீட்டியபோது மாமா இரண்டையும் பறித்துக்கொண்டு போய் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"கரண்டுல ஓடுனா மிஷினு. எழுத்து இருந்தா பொஸ்தகம். எப்படிப் பாத்தாலும் இன்னிக்கு லீவு. யாரும் தொடப்படாது."

பெரியதின் திரை அணையாமலே இருந்தது.

தொடக்கூடியவர் ஒரே ஒருவர்தான், சந்தனம் வைப்பவர். அந்த வீட்டில் அது எப்போதும் அக்காதான்.

கிண்ணத்தோடு வரிசையாக வந்தாள். ஸ்பேனருக்கு ஒரு பொட்டு. மொபெட் சாவிக்கு ஒரு பொட்டு. சின்னக் கருவிக்கு ஒன்று. பெரியதின் முன்னால் குனிந்தாள். ஓரத்திலிருந்த பொத்தானில் ஒரு பொட்டு வைத்தாள்.

அதே பொத்தானில் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.

"ஏனம்மிணி, அதுக்கு மட்டும் என்ன, பொட்டு மேல பொட்டு?" என்றார் மாமா.

தறிக்காரர் அங்கப்பன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அமெரிக்காச் சாமிங்க. ஒரு பொட்டுக்கெல்லாம் எறங்காதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

பாலகோபால் சிரிக்கவில்லை. அது எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான்.

அக்கா இன்னும் குனிந்தாள். மறுபடி ஒரு பொட்டு. சாமி கும்பிடுகிறவளைப் போல உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பெருசு இருக்கட்டுங்க."

"எதுக்குன்னு சொல்லு."

"படிக்கறதுக்குங்க."

மாமா வாயைத் திறந்தார். அங்கப்பன் கற்பூரத்தைப் பற்ற வைத்துவிட்டார். சுடர் எரிகிறபோது சண்டை போட முடியாது. மாமா சின்னக் கருவியைப் பொட்டோடு எடுத்துப் பாலகோபாலின் கையில் திணித்தார்.

மணி அடித்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

பாலகோபால் மட்டும் எட்டித் திரையைப் பார்த்தான். காலையில் ஒரு முழுப் பக்கம் இருந்த இடத்தில் இப்போது மூன்றே மூன்று வார்த்தைகள் நின்றன. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு.

அக்காவும் கண்ணை மூடவில்லை. பூத்தட்டு அவளுக்கு நேர் முன்னால் இருந்தது. அவள் கை தரையைத் தடவி, தட்டின் விளிம்பைத் தொட்டு, பூச்சரத்தைக் கண்டுபிடித்தது.

மாமா கண்ணைத் திறப்பதற்குள் அதைத் திரையின் மேல் போட்டு அந்தப் பெரிய எழுத்துகளை மூடினாள்.