பூங்கோதையின் குரல்

எந்தச் சேனலையும் எவரும் நம்பாமல் போனபிறகு, அவரவர் நம்பும் ஆளின் குரலிலேயே கணினி செய்தி வாசிக்கத் தொடங்கியிருந்தது. கடலூரில் தனியாக இருக்கும் அஞ்சலாட்சிக்கு அது சென்னையில் வேலை பார்க்கும் மகள் பூங்கோதையின் குரலில் வந்தது. அம்மா நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டுமே என்று தன் குரலைக் கொடுக்கச் சம்மதித்தவளும் அவள்தான்.

அன்று, ஏரிக்கரை உடைந்துவிட்டதென்று ஊர்த் தோழி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அழைத்துச் சொன்னாள். பூங்கோதைக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவோ ஃபோனைச் சாவகாசமாக எடுத்தாள்.

"அம்மா, ஏரி ஒடஞ்சிடுச்சு! எதிர்த்த மாடி வீட்டுக்கு ஓடு!"

"என்னாடி ஒளர்ற? கரை கெட்டியா இருக்குன்னு இப்பதான நீயே சொன்ன?"

"ஐயோ, அது நான் இல்லம்மா! இப்ப பேசறதுதான் நானு!"

அம்மா யோசித்தாள். அந்த இடைவெளியில், அம்மாவின் வீட்டுக்குள்ளிருந்து பூங்கோதையின் குரல் பதற்றமே இல்லாமல் கேட்டது: "ஏரி ஒடஞ்சிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதம்மா."

"யாரும்மா நீ?" என்றாள் அஞ்சலாட்சி. "ஃபோன வையி. எம் பொண்ணு செய்தி வாசிக்கிறா."